காத்திருப்பின் சுமை யாருக்கு?

ஆண்டு முழுவதும் உழைத்துச் சேர்த்த விடுப்பு நாள்களை மிதிவண்டிப் பயணத்திற்கென ஒதுக்குவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் தங்கள் மிதிவண்டியைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, கடல் கடந்து வேற்றுநாடு சென்று, அங்குள்ள கிராமச் சாலைகளில் மிதித்துச் செல்வதில் இன்பம் காண்கின்றனர். பேராக் மாநிலம் இத்தகைய பயணத்திற்கு ஏற்ற இடமாகும். ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் தம்புன் வட்டாரத்துப் பம்பளிமாஸ் தோட்டங்களும் பழைய ஈயவயல் குளங்களும் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்த செம்பனைக் காடுகளும் மிதிவண்டியில் செல்பவருக்கு மிக அருகில் காட்சி தருகின்றன.

எனினும், இப்பயணம் மிதிவண்டியில் தொடங்குவதில்லை. விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. ஈப்போவிலுள்ள சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தில் நெடுந்தொலைவு விமானங்கள் வந்திறங்குவதில்லை. ஆகவே, ஐரோப்பாவிலிருந்து வருபவர் கே.எல்.ஐ.ஏ. அனைத்துலக விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தரைவழியே வர வேண்டும். இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்கவே பதின்மூன்று மணி நேரத்திற்கு மேலாகும். இந்த நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி பிசகினாலும் மற்றவை எல்லாம் பிசகிவிடும். அவ்வாறு பிசகும்போது அதன் சுமையை யார் ஏற்பது என்பதே இங்கு எழும் கேள்வி. பயணி மட்டுமே அதனைச் சுமக்க வேண்டும் என்னும் எண்ணம் பலரிடம் ஊறிக் கிடக்கிறது. அது சரியன்று.

முதலில், தாமதத்தின் இழப்பு எத்தகையது என்பதைக் காண்போம். எட்டு நாள் விடுமுறையில் பேராக்கிற்கு வரும் ஒரு குழுவை எண்ணிப் பார்க்கலாம். விமானம் ஒன்பது மணி நேரம் தாமதமாகப் புறப்படுகிறது. பிற்பகலில் வந்திறங்க வேண்டியவர்கள் நள்ளிரவில் வந்திறங்குகின்றனர். ஈப்போவுக்குச் செல்லும் அன்றைய மின்ரயில் போய்விட்டது. ஈப்போவில் முன்பதிவு செய்த தங்கும் விடுதிக்கான பணமும் வீணாகிறது. மறுநாள் நண்பகலுக்குப் பிறகே ஊர் வந்து சேர்கின்றனர். அதன் பின்னர்ப் பெட்டியைப் பிரித்து மிதிவண்டியைப் பூட்டுவதற்குள் வானம் இருண்டு மழை பிடித்துக்கொள்கிறது. கணக்கில் ஒன்பது மணி நேரம்தான். ஆனால், பறிபோனதோ ஒரு முழுநாள். எட்டில் ஒரு பங்கு விடுமுறை!

இழந்த நாளை ஈடுகட்ட, குழுவினர் பயணத் திட்டத்தில் எதையாவது நீக்க வேண்டியுள்ளது. எதை நீக்குவார்கள்? ஈப்போ பழைய நகரத்தின் வெள்ளைக் காப்பியையும் குகைக் கோவில்களையும் பெரும்பாலும் நீக்கமாட்டார்கள். அவை எல்லாப் பயண நூல்களிலும் உள்ளவை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டச் சாலையைத்தான் நீக்குவார்கள். அந்தச் சாலையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில், அந்தச் சாலையில்தான் அவர்கள் மிதிக்கும் மிதிவண்டியின் வரலாறே உள்ளது.

1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் சக்கரத்தைப் பொருத்தினார். அதன் பிறகே மிதிவண்டி ஓட்டுதல் உடலை உலுக்காத பயணமாயிற்று. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1877ஆம் ஆண்டில், ரப்பர்க் கன்றுகள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பின்னாளில் மலாயா உலகிலேயே மிகுதியான ரப்பரை விளைவித்த நாடாக உயர்ந்தது. அந்த உயர்வுக்கு வியர்வை சிந்தியவர்களில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். உலகின் சாலைகளில் ஓடிய எத்தனையோ சக்கரங்களில் அவர்கள் வெட்டிய பால் உறைந்திருந்தது.

அத்தொழிலாளர்களுக்கும் தாமதத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பல நாள் கடலில் கழித்துப் பினாங்கை வந்தடைந்தனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை மூத்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். கரை தெரிந்த பின்னரும் பலரின் பயணம் முடியவில்லை. நோய்த் தடுப்புக்காகப் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். எப்போது விடுவார்கள், எந்தத் தோட்டத்திற்கு அனுப்புவார்கள் என்று கேட்டறியும் நிலையில் அவர்கள் இல்லை. காத்திரு என்றால் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தோட்டத்திற்கு வந்த பின்னரும் காத்திருப்பு தொடர்ந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பின் பால்மரம் வெட்டச் செல்வது அவர்களின் அன்றாட வாழ்க்கை. குளிர்ந்த அதிகாலையில்தான் பால் நன்கு வடியும். இரவில் மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பட்டை உலரும் வரை காத்திருக்க வேண்டும். உலராவிட்டால் அன்றைக்கு வேலையில்லை. வேலையில்லையெனில் கூலியுமில்லை. மழை யாருடைய குற்றமும் அன்று. ஆனால், மழையால் வந்த இழப்பு மட்டும் லயத்தில் வாழ்ந்தவரின் அடுப்பங்கரைக்கே வந்து சேர்ந்தது. 1954ஆம் ஆண்டில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளக் கோரிக்கையை நெடுங்காலம் முன்வைத்ததன் பொருளை இங்கிருந்துதான் உணர வேண்டும். இயற்கையால் வரும் இழப்பை வலுவற்றவரின் தலையிலேயே முழுவதுமாக ஏற்றக்கூடாது என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள்.

விடுமுறைக்கு வந்த பயணியின் இடரும் தோட்டத் தொழிலாளியின் பட்டினியும் ஒன்றாகா. ஒன்று வசதி தொடர்பானது. மற்றொன்று வாழ்வு தொடர்பானது. ஆயினும், இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே. தவிர்க்க முடியாத தாமதம் நேரும்போது அதன் சுமையை எவ்வாறு பகிர்ந்து கொள்வது? இக்கேள்விக்கு இன்றைய உலகம் ஓரளவு விடை கண்டுள்ளது. அந்த விடை சட்டமாகவும் விதியாகவும் எழுதப்பட்டுள்ளது.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. அதன்படி, விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணிகளுக்கு உணவும், தொலைபேசி, இணைய வசதியும் வழங்க வேண்டும். தாமதம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் விடுதி வசதியும் அங்குச் சென்றுவரப் போக்குவரத்தும் தர வேண்டும். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் இவ்விதிகள் மேலும் வலுப்படுத்தப்பட்டன. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தைக் கைவிட விரும்பும் பயணி கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். இவ்விதிகளைக் கண்காணித்த மாவ்கோம் ஆணையத்தின் பணிகளை 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அங்கிருந்து புறப்படும் நெடுந்தொலைவு விமானம் பல மணி நேரம் தாமதமாகச் சென்று சேர்ந்தால், அத்தாமதம் நிறுவனத்தால் தவிர்த்திருக்கக்கூடியதாக இருப்பின், பயணி ஒருவருக்கு 600 யூரோ வரை இழப்பீடு கிடைக்கும். மிதிவண்டி உள்ளிட்ட பயணப் பொருள்களுக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை எனும் அனைத்துலக ஒப்பந்தம் பாதுகாப்பளிக்கிறது. பெட்டி சேதமடைந்திருந்தால் ஏழு நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். கெடு கடந்துவிட்டால் முறையீடு செல்லாது. மிதிவண்டியின் சட்டம் வளைந்திருப்பதை ஈப்போவில் பத்து நாள் சுற்றிய பிறகு கண்டுபிடிப்பவருக்கு இவ்விதி உதவாது.

விதிகள் இருந்தும் பலர் பயன்பெறாதது ஏன்? அறியாமை ஒரு காரணம். மற்றொன்று, பொறுமையைப் பற்றி நாம் கொண்டுள்ள தவறான கருத்து. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது நம் முன்னோர் வாக்கு. அது உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. முகப்பில் பணிபுரியும் ஊழியரிடம் கத்துவதால் விமானம் ஒரு நிமிடம்கூட முன்னதாகப் புறப்படாது. பல வேளைகளில் அந்த ஊழியருக்கும் முழு விவரம் தெரிந்திருக்காது. அவரை இழிவாகப் பேசுவது அறமாகாது. ஆனால், உரிமையைப் பணிவுடன் கேட்பது பொறுமையின்மை ஆகாது. திருக்குறளில் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் இருப்பதைப் போலவே காலமறிதலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுத்து, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதே அறிவுடையார் செயல்.

விமான நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருப்பதை மறுக்க இயலாது. எல்லாத் தாமதங்களும் கவனக்குறைவால் வருவன அல்ல. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி பல நாள்கள் மூடப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் கே.எல்.ஐ.ஏ.வின் கணினிக் கட்டமைப்பு பழுதடைந்ததால் சில நாள்களுக்கு விமானங்கள் தாமதமாயின. இயந்திரத்தில் ஐயம் எழுந்தால் அதனைச் சோதிக்காமல் பறக்க முடியாது. விமானிகளின் பணிநேரத்திற்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பைக் கடந்தவரை விமானத்தைச் செலுத்த விடுவது பேராபத்து. பாதுகாப்புக்காக ஏற்படும் தாமதத்தைக் குறைசொல்வது நம் உயிரை நாமே பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய தாமதத்திற்குப் பயணிகள் நன்றி கூறவும் கடமைப்பட்டுள்ளனர்.

மலிவான கட்டணம் செலுத்திவிட்டு எல்லா வசதியும் எதிர்பார்க்கலாமா என்றும் சிலர் வினவுவர். இருக்கையின் அகலமும் தரும் உணவும் கட்டணத்திற்கேற்ப மாறலாம். ஆனால், நடந்ததைச் சொல்வதற்குக் கட்டணம் தேவையில்லை. பயணிகளை மிகவும் வருத்துவது காத்திருப்பு மட்டுமன்று, எதுவும் தெரியாமல் காத்திருப்பது. 'இன்னும் அரை மணி நேரம்' என்று பத்து முறை அறிவிப்பதைவிட, 'ஐந்து மணி நேரம் ஆகும். காரணம் இது' என்று ஒருமுறை அறிவிப்பது நலம். உண்மை தெரிந்தால் குழந்தையோடு வந்தவர் அதனை உறங்க வைப்பார். முதியவர் மருந்துண்ணும் நேரத்தை ஒழுங்குசெய்வார். மிதிவண்டிப் பயணி ரயில் சீட்டை மாற்றி, விடுதிக்கும் செய்தி அனுப்புவார். சரியான தகவல் காலத்தோடு கிடைத்தால் இழப்பில் பாதி குறையும். ஆகவே, தாமதத்தை எப்போதும் தவிர்க்க முடியாவிட்டாலும் மௌனத்தை எப்போதும் தவிர்க்க முடியும்.

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. விமானம் இறங்கிய ஒரு மணி நேரத்தில் ரயில், ரயில் நின்ற அரை மணி நேரத்தில் மிதிவண்டி என்று மூச்சு விடாமல் திட்டமிடுவது நன்றன்று. வந்திறங்கும் நாளையும் அதற்கடுத்த நாளையும் இளைப்பாறுதலுக்கென ஒதுக்க வேண்டும். நேர வேறுபாடு மிகுந்த நாட்டிலிருந்து வருபவரின் உடல் புதிய பொழுதுக்குப் பழகச் சில நாள்கள் தேவைப்படும். இழந்த நாளை மீட்கிறேன் என்று தூக்கமின்றி நூறு கிலோமீட்டர் மிதிப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வண்டிகள் வலப்பக்கம் செல்லும். இங்கு இடப்பக்கம் செல்லும். களைத்த மூளை பழைய பழக்கத்திற்கே திரும்பும். நண்பகல் வெயிலும் பிற்பகல் மழையும் புதியவரைச் சோர்வடையச் செய்யும். தோட்டத் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து வெயில் ஏறுமுன் வேலையை முடித்ததில் பொருள் இருந்தது. இம்மண்ணில் மிதிவண்டி ஓட்டுவதற்கும் அதுவே ஏற்ற நேரம்.

மிதிவண்டியை விமானத்தில் ஏற்றுவதற்கும் முன்னேற்பாடு வேண்டும். மிதிகளைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, முன்சக்கரத்தைப் பிரித்து, பற்சக்கரம் மாற்றும் கருவியைத் துணியால் சுற்றிப் பாதுகாக்க வேண்டும். பெட்டிக்குள் வைக்குமுன்னும் வைத்த பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி கைக்கு வந்ததும் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே திறந்து பார்ப்பது அறிவுடைமை. உணவுக்கும் விடுதிக்கும் செலவிட்ட பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். சான்று இல்லாத முறையீடு, சக்கரமில்லாத வண்டியைப் போன்றது.

இவ்வளவு முயன்று வருபவருக்குப் பேராக் என்ன தருகிறது? ஈப்போவில் ஹப்பக் வரைந்த, 1917ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ரயில் நிலையம் வெண்ணிறக் கோபுரங்களோடு அவரை வரவேற்கிறது. புந்தோங் பகுதியில் கச்சான் பூத்தே வறுக்கும் மணம் மூக்கைத் துளைக்கிறது. பத்து காஜா செல்லும் வழியில், கெல்லி ஸ்மித் எனும் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி முடிக்காமல் போன மாளிகை நிற்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் அங்கு உழைத்த தமிழர்கள் வழிபட்ட மாரியம்மன் கோவிலும் உள்ளது. கெல்லி 1926ஆம் ஆண்டில் பயணம் சென்ற இடத்தில், லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை வெறுமையாயிற்று, கோவிலில் மட்டும் விளக்கு அணையவில்லை.

வடக்கே சென்றால் சுங்கை சிப்புட். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீடிழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் அது. தொழிலாளர்கள் சேர்த்த சிறு பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிகண்டது அச்சங்கம். இன்று அவ்வட்டாரத்தில் பால்மரங்கள் அருகிவிட்டன. செம்பனை வரிசை வரிசையாக நிற்கிறது. லயங்கள் பல மறைந்துவிட்டன. எனினும், ஒரு திருப்பத்தில் ஆலமரத்தடியில் சிறு கோவில் தெரியும். மற்றொரு திருப்பத்தில் மறைந்துபோன தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியின் பலகை தெரியும். விரைவுச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கு இவை புலப்படா. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் செல்லும் மிதிவண்டிக்கே புலப்படும். நின்று விசாரித்தால், சாலையோரக் கடையில் தேநீர் ஆற்றும் பெரியவர் அந்தத் தோட்டத்தின் கதையைச் சொல்லக்கூடும். அப்பெரியவரின் கடையில் தேநீர் அருந்தும் பயணியால் அவருக்கு வருமானமும் உண்டு.

விமானம் தாமதமானதால் நீக்கப்படும் நாள் இதுதான். அந்த நாளைப் பயணி மட்டும் இழப்பதில்லை. தோட்டப்புறத்துச் சிறு வணிகரும் இழக்கிறார். கேட்பாரின்றிப் போகும் ஒரு வரலாறும் இழக்கிறது. எனவேதான், பயணத் தாமதத்தை வசதி படைத்தவரின் சிணுங்கல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே, தாமதத்தின் சுமை பகிர்ந்து சுமக்கப்பட வேண்டியதாகும். விமான நிறுவனம் உண்மையைக் காலத்தோடு சொல்லி, விதிப்படி வழங்க வேண்டியதைக் கேட்குமுன்பே வழங்க வேண்டும். கண்காணிக்கும் அமைப்புகள் பயணிகளின் உரிமைகளை எளிய மொழியில், அனைவருக்கும் புரியும் வகையில் விமான நிலையங்களில் எழுதி வைக்க வேண்டும். பயணிகள் பரபரப்பில்லாத திட்டத்தோடும் உரிமை பற்றிய தெளிவோடும் புறப்பட வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் தோட்டச் சாலையைத் திட்டத்திலிருந்து நீக்காமல், வேறொன்றைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். நம் முன்னோர் கேட்க வழியின்றிக் காத்திருந்தனர். இன்றைய தலைமுறைக்குக் கேட்க வழியுண்டு. அவ்வழியை அறிந்து பண்போடு பயன்படுத்துவது ஒவ்வொருவரின் கடமையாகும்.